முக்கால் சட்டி ரசம்

கனகசபாபதி எந்தச் சட்டியையும் நிரப்பமாட்டார். முக்கால்வாசி ஊற்றுவார், அகப்பையை நிமிர்த்துவார், மூடியைப் போட்டுவிடுவார். பெரிய பானையில் இன்னும் பத்துப் பேருக்கு மிச்சமிருந்தாலும் அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில், மாக்ரெட்டின் வீட்டுப் பின்னறைக்கு அவர் வாடகைக்கு வந்து முதல் தைப்பொங்கல் அன்று, ஒரு மூடிச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். மாக்ரெட் மூடியைத் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"என்ன அண்ணன், மிச்சக் கால்வாசிய வாற வழியில எலி சாப்பிட்டுச்சா?"

காதுமடல் இரண்டும் சிவக்க, வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டார். அன்று பின்னேரத்துக்குள் அந்தச் சின்னத் தெருவில், ஒழுங்கை முழுவதும் அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. முக்கால் சட்டி!

பெயர் வைத்தவர்களுக்கு அந்த மனிதரைப் பற்றி என்ன தெரியும்? அறுபத்திரண்டு வயது, தனிக்கட்டை, மரக்கறி மட்டும் சாப்பிடுவார், நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அவ்வளவுதான் தெரியும். பதினேழு வருடங்கள் யாழ்ப்பாண ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் சமைத்தவர் அவர் என்று ஒருவருக்கும் தெரியாது. தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டு ரயில் நின்றபோது அவர் கொழும்பில் நின்றார். ஊர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டது. பலாலிப் பக்கத்திலிருந்த அவர் வீடு இராணுவ வேலிக்கு உள்ளே போய்விட்டது. மனைவி பார்வதி வேறு யாரோ வீட்டு விறாந்தையில் கண்ணை மூடினாள். அந்தச் செய்தி கடிதமாக அவர் கைக்கு வந்தபோது பதினோரு நாள் கடந்திருந்தது. அன்றைக்கும் அவர் புதுக்கடையில், நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், சட்டத்தரணிகளுக்கும் கிளார்க்குமாருக்கும் மத்தியானச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் மூலையில் போய் உட்கார்ந்து அழுதார்.

பதினாலு வருடம் அந்தக் கடையில் வேலை செய்து, முழங்கால் இனி முடியாது என்றபோது மாக்ரெட்டின் பின்னறைக்கு வந்தார். ஒரு பாய், ஒரு பெட்டி, காற்றடித்து மூட்டும் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, ஒன்பது அலுமினிய மூடிச்சட்டிகள். அந்தச் சட்டிகள் ரயில் சமையலறையின் பழைய சாமான்களை ஏலம் போட்டபோது அவர் வாங்கியவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் கீறிய இலக்கம் இருந்தது. அவருடைய சொத்து அவ்வளவுதான்.

அந்த அறையும் போகப்போகிறது என்று இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஐப்பசியில் தெரியவந்தது.

ஆவணியில் யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டதிலிருந்து கொழும்பில் சோதனை கூடிவிட்டது. பொலிசார் இரண்டு தரம் மாக்ரெட்டின் வாசலுக்கு வந்தார்கள். அவருடைய அடையாள அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். ஒழுங்கை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவளைக் கேற்றடியில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள். மாக்ரெட் கல்யாண கவுண் தைத்துச் சீவிக்கும் விதவை. கர்த்தருக்கும் ஊசிக்கும் மட்டும் பயந்தவள் என்று சொல்லுவாள். அன்றைக்கு ஊசியில் நூல் கோக்க அவளால் முடியவில்லை. மட்டக்குளியிலிருந்து தம்பி ஹியூபேட் வந்து, "இந்தக் காலத்தில யாழ்ப்பாணத்து ஆள வீட்டுல வச்சிருக்க உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டுப் போனான்.

அடுத்தநாள் அவள் பின்னறை வாசலில் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, நிலைப்படியைப் பார்த்தாள்.

"அண்ணன், கோவிக்காதீங்க. நத்தாருக்கு முதல் வேற இடம் ஒன்னு பாத்துக்கங்க."

"ஓம் பிள்ளை," என்றார் கனகசபாபதி.

போக ஓரிடமும் இல்லாத ஒரு மனிதன் அந்த இரண்டு சொல்லை எப்படிச் சொன்னானோ! வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், ஐந்து பேர் படுக்கிற அறையில், கிறிஸ்மஸுக்கு ஐந்து நாள் முன்னால், மார்கழி இருபதாம் தேதியிலிருந்து ஒரு கட்டில் பேசி வைத்தார். அங்கே அடுப்பு மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்புக்குச் சிக்குன்குனியா வந்தது.

அது ஆளைக் கொல்லுகிற காய்ச்சல் அல்ல, அவமானப்படுத்துகிற காய்ச்சல். நேற்று மார்பை நிமிர்த்தி நடந்தவர் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவார். விரல் மடங்காது, மடங்கினால் நீளாது. சந்திக் கடைச் சோமதாச முதலாளி பருப்பு நிறுக்கத் தராசைப் பிடிக்க முடியாமல், "நீங்களே அள்ளிப் போடுங்க" என்று சாக்கைக் காட்டினார். மணியடிக்கிறவருக்குக் கை தூக்க முடியாமல், கோயில் மணி ஒரு வாரமாக அரைமணி நேரம் பிந்தி அடித்தது. மாநகரசபைக்காரர் வந்து கொசுவுக்குப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். நுளம்பு இருமியதோ இல்லையோ, ஒழுங்கையில் எல்லாரும் இருமினார்கள்.

ஒழுங்கையில் முதலில் விழுந்தவள் மாக்ரெட்.

ஒரு காலை நேரம் தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்கவில்லை. பின்னறையில் கனகசபாபதி காது கொடுத்துப் பார்த்தார். பத்து மணியாகியும் சத்தமில்லை. எழுந்து அடுப்புக்குக் காற்றடித்தார். மல்லி, மிளகு, சீரகம், நாலு பல்லு உள்ளி தட்டிப் போட்டு, பழப்புளி கரைத்து ரசம் வைத்தார். குழையக் குழையச் சோறு. இரண்டையும் ஒன்றாகக் கரைத்து, முதலாம் இலக்கச் சட்டியில், முக்கால்வாசி.

மாக்ரெட் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். அவரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"வேணாம் அண்ணன். உங்களப் போகச் சொன்னவ நான். உங்க கையால நான் எப்படிச் சாப்பிடுறது?"

"அது வேற, காய்ச்சல் வேற," என்றார் அவர். "எழும்பும். ஆறினால் இது சரிவராது."

அவள் ஒரு வாய் குடித்தாள். மிளகு தொண்டையில் ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மிளகினாலோ, வேறெதனாலோ, துடைத்துக்கொண்டே மிச்சத்தையும் குடித்தாள்.

அடுத்தது எதிர்வீட்டு யோசெப்பின், அவள் புருஷன் சிறில், இரண்டு பேரும் ஒரே நாளில். பிறகு மூன்றாவது வீட்டு ஹப்ஸா. புருஷன் கட்டாரில், மூன்று சின்னப் பிள்ளைகளோடு தனியே இருப்பவள். பிறகு சோமதாச முதலாளி. ஒரு வாரத்துக்குள் ஒன்பது வீடுகளில் அடுப்பு எரியவில்லை. கனகசபாபதி விடிந்தால் காற்றடிப்பார், பத்து மணிக்குச் சட்டியும் கையுமாக ஒழுங்கையில் இறங்குவார்.

ஹப்ஸா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, எங்கட வீட்டுச் சட்டி எல்லாம் இறைச்சி ஆக்கின சட்டி. ஊத்தாதீங்க, உங்கட அகப்பை பட்டுடும்."

"சட்டியோட வைச்சிட்டுப் போறன் பிள்ளை. பிள்ளையளுக்குக் குடுத்திட்டு ஆறுதலாத் தாரும்."

எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார். ஒன்பது வீடு, ஒன்பது சட்டி.

சிறில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கதவளவு ஆள். அந்த ஆள் கட்டிலில் குழந்தைபோல முனகிக்கொண்டு கிடந்தான். கரண்டியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. கனகசபாபதி பக்கத்தில் நின்று ஊட்டினார்.

"அங்கிள், ஒன்னு கேக்கட்டா? கோவிக்கக்கூடாது."

"வாயைத் திறவும். கேளும்."

"ரெண்டையும் எப்படிச் செய்யிறது?" சிறில் விழுங்கிவிட்டுச் சிரித்தான். "நீங்க ஏன் எப்பவும் கால அகட்டி வச்சு நிக்கிறீங்க? தரை என்ன ஓடவா போகுது?"

கனகசபாபதி குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவருக்கே அது தெரியாதுபோல இருந்தது.

"அது... ரயில்ப் பழக்கம். பதினேழு வருஷம் ரயிலுக்க நிண்டு சமைச்சனான். கால் அகட்டாட்டி விழுந்திடுவம்."

"சாப்பாட்டுப் பெட்டியிலயா? அப்ப அந்த முக்கால் சட்டி?"

"நிரப்பினால் முறிகண்டி வளைவில சிந்திப் போடும் தம்பி. முதல் மாசம் ஒருதரம் நிரப்பினனான். சுடுசாம்பார் ஒரு மனிசியின்ர சீலையில ஊத்திப்போட்டுது. அண்டையில இருந்து கை முக்காலுக்கு மேல போகாது. தரை ஆடேல்ல எண்டு எனக்குத் தெரியும். கைக்குத் தெரியாதே."

கிரேனில் சாமான் தூக்கினால் எவ்வளவு ஆடும் என்று சிறிலுக்குத் தெரியும். பிறகு பக்கத்துக் கட்டிலில் கிடந்த யோசெப்பினைக் கூப்பிட்டான். "ஏய், கேட்டியா? மனுஷன் கஞ்சத்தனத்துல ஊத்தல்லடி. நாங்க என்னென்ன பேச்செல்லாம் பேசினோம்!"

"நான் பேசல்ல. நீங்கதான் பேசினீங்க," என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

கனகசபாபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு அவர் உதட்டில் இருந்தது. ஆனால் அடுத்தநாள் காலையில் அடுப்பை மூட்டிவிட்டுத் திரும்பினார். சுவர்த் தட்டில் சட்டி இல்லை. ஒன்றுகூட இல்லை. ஒன்பதும் போனது போனதுதான், ஒன்றும் திரும்பி வரவில்லை!

கேத்தலில் ரசத்தை ஊற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டிலும் கோப்பையில் வாங்கினார்கள், கும்பிட்டார்கள். சட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. யோசெப்பின் அவரைக் கண்டதும் எதையோ சேலைத் தலைப்பால் மூடினாள். சோமதாச முதலாளி, "கோமத மாத்தயா?" என்று சுகம் விசாரித்துவிட்டு அவசரமாக உள்ளே பார்த்தார். இரண்டு நாள், நாலு நாள், ஒரு வாரம். கேத்தல் போதாமல் வாளியைக் கழுவி எடுத்தார்.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கிற பிறவி அல்லவே அவர்! போகப்போகிறவனுக்குச் சட்டி எதற்கு என்று நினைக்கிறார்களோ? மாக்ரெட் சொன்னது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். திருப்பித் தர வந்தால் பின்னறைக்குள் வரவேணும், யாழ்ப்பாணத்து ஆளின் அறைக்குள் போனதைப் பொலிஸ் பார்க்கும் என்று பயமோ? மனம் ஒருதரம் வளைந்தால் எல்லாமே வளைவாகத்தான் தெரியும். மார்கழி பத்தொன்பதாம் தேதி பெட்டியைக் கட்டினார். பாயைச் சுருட்டினார். ஒன்பது சட்டிகளையும் அந்த ஒழுங்கைக்கே விட்டுவிட்டுப் போவது என்று முடிவெடுத்தார். அன்றைக்குத்தான் அவருக்கும் குளிர் பிடித்தது.

இருபதாம் தேதி காலை. மாக்ரெட் தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரல் கொஞ்சம் மடங்கத் தொடங்கியிருந்தது. எதுவோ குறைகிறது என்று அவளுக்குப் பட்டது. அடுப்புக்குக் காற்றடிக்கிற சத்தம்! ஏழு மணிக்குத் தவறாமல் கேட்கிற அந்தச் சத்தம் எட்டாகியும் கேட்கவில்லை.

ஓடினாள். ஓடுவதாக நினைத்துக்கொண்டு நொண்டினாள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். வெறும் சீமெந்துத் தரையில், சுருட்டிய பாயில் தலையை வைத்து, கட்டிய பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கனகசபாபதி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

"பிள்ளை... ஒரு திரீவீலர் கூப்பிடும். வெள்ளவத்தைக்கு."

"வெள்ளவத்தைக்கா? எதுக்கு? ஏன் பெட்டி கட்டியிருக்கு?"

"நத்தாருக்கு முதல் எண்டு சொன்னனீர்."

மாக்ரெட் கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்த வார்த்தையை அவள் மறந்தே போயிருந்தாள். மூன்று கிழமையாக அவர் கையால் குடித்த ரசம் அந்த வார்த்தையை அவளுக்குள்ளிருந்து கழுவிவிட்டது. ஆனால் அவர் மறக்கவில்லையே! ஒவ்வொரு சட்டியையும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டல்லவா தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்! அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடித்த கை வலித்ததில் "ஆ!" என்று அலறினாள்.

"மாதாவே! நான் சொன்னேனா? சொன்னவ செத்துட்டான்னு நெனச்சுக்கங்க அண்ணன்! படுங்க, ஒரு அடி அசையக் கூடாது!"

வாசலுக்கு வந்தாள். தெருவில் ஒருநாளும் சத்தம் போடாத மாக்ரெட், ஒழுங்கை நடுவில் நின்று குரல் கொடுத்தாள்.

"யோசெப்பின்! ஹப்ஸா! நம்ம அண்ணன் விழுந்துட்டார்! பெட்டியக் கட்டிக்கிட்டு வெள்ளவத்தைக்குப் போகப்போறாராம்!"

ஒரு மணி நேரத்துக்குள் யோசெப்பின்தான் முதலில் வந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் நாலாம் இலக்கச் சட்டியோடு.

"அங்கிள், சட்டியத் தரல்லன்னு கோவமா?"

"ஏன் பிள்ளை திருப்பித் தரேல்லை?" என்றார் கனகசபாபதி. இரண்டு கிழமையாக நெஞ்சில் கிடந்த கேள்வி காய்ச்சல் வேகத்தில் வெளியே வந்துவிட்டது.

"வெறுஞ்சட்டியத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எங்க வீட்டுல இருக்கா? அதுல போட எங்ககிட்ட என்ன இருந்திச்சு? அடுப்பே எரியல்லியே! பத்து நாளா ரசம் குடிச்சிட்டு ரெண்டு கரண்டி சீனியப் போட்டு நீட்டுறதா? வெக்கத்துல உங்களக் கண்டா சட்டிய ஒளிச்சு வச்சேன்."

கனகசபாபதி அவளையே பார்த்தார். வந்த சட்டி வெறுமையாகத் திரும்பக்கூடாது என்பது அவர் வீட்டிலும் இருந்த வழக்கம்தான். பார்வதி இரண்டு கருவேப்பிலையாவது போட்டுத்தான் அனுப்புவாள். பதினாறு வருடம் தனியே இருந்ததில், எச்சில் தட்டு வெறுமையாகத் திரும்புகிற கடையில் நின்றதில், அதை எப்படி மறந்தார்!

"இப்ப என்னத்தப் போட்டுக் கொண்டுவந்தனீர்?"

"திறந்து பாருங்க."

அவரால் திறக்க முடியவில்லை. மாக்ரெட் திறந்தாள். மல்லித்தண்ணீர், இஞ்சி தட்டிப் போட்டு. முக்கால்வாசி.

பின்னால் ஹப்ஸா. "கஞ்சி ஐயா. பயப்படாதீங்க, புதுச் சட்டி வாங்கி அதுல காய்ச்சினது. இறைச்சி பட்ட சட்டியில்ல." இரண்டாம் இலக்கம். அவள் காய்ச்சிய சட்டி புதியது, கொண்டுவந்த சட்டி அவருடையது. அதிலும் முக்கால்வாசி. அதற்குப் பிறகு வந்தவர்களின் சட்டிகளும் அப்படித்தான். புளிக்கஞ்சி, பருப்பு, பால்ச்சோறு. ஒவ்வொரு மூடியாகத் திறக்கத் திறக்க, எல்லாவற்றிலும் மேலே கால்வாசி இடம் விட்டிருந்தது.

"ஏன் ஒருத்தரும் நிரப்பேல்லை?" என்று கேட்டார்.

கதவை அடைத்துக்கொண்டு நின்ற சிறில் சொன்னான். "முறிகண்டி வளைவில சிந்திடுமே அங்கிள்."

மாக்ரெட் உள்ளே போய் ஒரு தட்டு எடுத்து வந்தாள். முட்டை போடாமல் அவருக்கென்றே சுட்ட நத்தார் கேக். பொங்காமல் தட்டையாக, பலகைபோல இருந்தது. கூடவே ஒரு தாள்.

"கேக் பிறகு. முதல்ல இது. புது வருஷத்துக்குப் பொலிசில குடுக்கிற படிவம். வீட்டுல இருக்கிறவங்க பேர் எழுதணும். எழுதிட்டேன். கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவைப் பிடிக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை.

"ஹியூபேட்?"

"அவன் மட்டக்குளியில இருந்து பயப்படட்டும். நானும் பயந்தவதான், இப்பவும் பயம்தான். ஆனா கேற்றடியில வந்து யாரு இதுன்னு கேட்டா, 'அபே கெதர கெனெக்'னு சொல்லுவேன். எங்க வீட்டு ஆள். அதுக்கு மேல கேட்டா ரசம் குடுப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாக்ரெட் தையலுக்கு அடையாளம் போடுகிற நீல மையை அவருடைய பெருவிரலில் தடவினாள். பதினேழு வருடம் ரயில்வேயில் அழகாகக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிய மனிதர், படிக்காதவர்போல விரலை வைத்து அமுக்கினார்.

"எவ்வளவு காலம் எண்டு எழுதியிருக்கிறீர்?"

"பொலிசுக்கு, நிரந்தரம். நமக்குள்ள, ரயில் ஓடுற வரைக்கும். ஓடினா நானும் வாறேன், உங்க ஊரப் பாக்க."

அவர் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினார். தோள் வரை தூக்க முடியவில்லை. ஹப்ஸா தன் முந்தானையை நீட்டினாள்.

அப்போது வாசலில் ஒரு பெரிய கூச்சல். சோமதாச முதலாளி! ஒன்பதாம் இலக்கச் சட்டியில் இலைக்கஞ்சி கொண்டு வந்திருந்தார். அவருக்கு மட்டும் முக்கால் சட்டிக் கதையை ஒருவரும் சொல்லவில்லை. விளிம்பு வரை நிரப்பி, நோகிற கையால் தூக்கி, சந்தியிலிருந்து நடந்து வந்ததில் பாதிக் கஞ்சி அவருடைய வெள்ளைச் சாரத்தில் இருந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை பச்சை!

"அம்மே! சுடுது! சுடுது!" என்று அவர் குதித்தார். குதிக்கக் குதிக்க மிச்சமும் சிந்தியது.

"பாத்தீங்களா அங்கிள்," என்றான் சிறில், "ரயில் இல்லாமலே சிந்துது!"

கனகசபாபதி சிரிக்கத் தொடங்கினார். அந்த ஒழுங்கை அவரை அப்படிச் சிரித்து ஒருநாளும் பார்த்ததில்லை. தோள் குலுங்கியது, முழங்கால் குலுங்கியது, கண்ணீர் கன்னத்தில் ஓடியது.

"விடுங்கோ," என்றார் மூச்சு வாங்க. "சிரிக்கப் பண்ணாதேங்கோ. மூட்டெல்லாம் நோகுது."